23-இல் ஏன் கோடு? ஆண்களின் பிஎம்ஐ பற்றி

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில், மேல்தளத்தில் வரிசையாகத் தையல் கடைகள் இருக்கின்றன. போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் பேண்ட் தைக்க மச்சானோடு அங்கே போயிருந்தேன். மனைவியின் அண்ணன், வயது 44. தையல்காரர் நாடாவை எடுப்பதற்கு முன்பே மச்சான் சொல்லிவிட்டார்: “இடுப்பு 34 போடுங்க. பதினைஞ்சு வருஷமா அதே அளவுதான்.”

தையல்காரர் எழுதிக்கொள்ளவில்லை. “அண்ணே, பேண்ட்டை எங்கே போடுவீங்க? தொப்புளுக்கு மேலயா, கீழயா?” என்று கேட்டார். கீழே என்றார் மச்சான். அங்கே அளந்தபோது 34-தான் வந்தது. அப்புறம் நாடாவை நான்கு விரல் மேலே ஏற்றி, தொப்புளை ஒட்டிச் சுற்றி, எண்ணை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 38.

அதற்கு இரண்டு வாரம் முன்பு மச்சானுக்கு உடல்நலப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 72 கிலோ, பிஎம்ஐ 24.9. பக்கத்தில் ‘மிதமான அபாயம்’ என்று எழுதியிருந்தது. அவருக்குக் கோபம். கைப்பேசியில் ஏதோ ஒரு கணக்குப் பக்கத்தில் அதே எண்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘இயல்பான எடை’ என்று பச்சை நிறத்தில் வந்ததாம். “ஒரே உடம்பு, ஒரே எண். அங்கே நல்லா இருக்கேன், இங்கே அபாயமா? ஊருக்கு ஒரு கணக்கா மாப்ளே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

கணக்கு சுலபம். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். மச்சானின் உயரம் 1.70 மீட்டர். 1.70-ஐ 1.70-ஆல் பெருக்கினால் 2.89. 72-ஐ 2.89-ஆல் வகுத்தால் 24.9. இதைத்தான் உடல் நிறைக் குறியீடு என்று தமிழில் எழுதுகிறார்கள். பேச்சில் எல்லாருக்கும் பிஎம்ஐதான்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே, வானியலும் புள்ளியியலும் தெரிந்தவர். 1830-களில் அவர் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தார். வளர்ந்த மனிதர்களின் எடை, அவர்களுடைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று அளந்து கண்டார். யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பது அவருடைய கேள்வியே இல்லை. அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவ உலகம் இந்தக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவை ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள்தான். இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு எடை என்று அவை அட்டவணை போட்டு வைத்திருந்தன.

1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஏன்சல் கீஸும் அவருடைய குழுவினரும், ஐந்து நாடுகளில் அளந்த 7,400-க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை வைத்து எந்தக் கணக்கு நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கெட்லேயின் பழைய கணக்கே தேவலை என்று முடிவாயிற்று. அதற்கு பிஎம்ஐ என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. அளக்கப்பட்ட அத்தனை பேரும் ஆண்கள். பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆண்கள். ஜப்பானியர்களும் தென்னாப்பிரிக்காவின் பாண்டு மக்களும் இருந்தார்கள், இந்தியர்கள் இல்லை. கீஸ் இதைக் கூட்டம் கூட்டமாக மக்களை ஒப்பிடுவதற்கான கருவியாகத்தான் பார்த்தார். அந்தக் கருவி பிறகு மருத்துவரின் மேசைக்கு வந்து, தனி மனிதனுக்குத் தீர்ப்பு எழுதத் தொடங்கியது.

கருவி தப்பில்லை. ஆனால் அதற்குப் பார்வை குறைவு. எடைக்கருவியில் ஏறி நிற்கும் 72 கிலோவில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது சுத்தமாகத் தெரியாது. தோலுக்கடியில் பரவியிருக்கும் கொழுப்பு ஒரு மாதிரி. வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிப் படிகிற கொழுப்பு வேறு மாதிரி. இரண்டாவது வகை இன்சுலின் வேலையைக் கெடுக்கும், ஈரலில் கொழுப்பேற்றும், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் கூட்டும். ஆண்களுக்கு இயல்பாகவே கொழுப்பு முதலில் போய்ச் சேரும் இடம் வயிறுதான். கை கால் மெலிந்து, முன்னால் மட்டும் தொந்தி விழுந்த உருவத்தை நம் குடும்பப் புகைப்படங்களில் தேட வேண்டியதே இல்லை.

இனி கோடுகளைப் பார்ப்போம். 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 25-க்கு மேல் எடை அதிகம், 30-க்கு மேல் உடற்பருமன் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பொதுவாகப் போட்ட கோடு. மச்சானின் கைப்பேசி சொன்னது இதைத்தான். இந்தக் கோடுகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அமெரிக்காவில் ஆண்களுக்கு எடை அதிகம் என்ற கோடு ஒரு காலத்தில் 27.8-இல் இருந்தது. 1998-இல் அதை 25-க்கு இறக்கினார்கள். ஒரு கிலோகூடக் கூடாமலே கோடிக்கணக்கானவர்கள் எடை அதிகமானவர்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். எந்த எடையில் நோயும் மரணமும் ஏறத் தொடங்குகிறது என்று பார்த்து மனிதர்கள் போடுகிற கோடு அது. பார்க்கிற மக்கள் மாறினால் கோடும் மாறத்தான் வேண்டும்.

அந்தக் கேள்வியை உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் உட்கார்ந்து பேசிய ஊர் நம்முடையதுதான். 2002 ஜூலையில் சிங்கப்பூரில் கூடினார்கள். ஆசிய மக்களிடம் எந்த பிஎம்ஐ-யில் அபாயம் தொடங்குகிறது என்பதுதான் விவாதம். இங்கே வாழும் சீனர்கள், மலாய்க்காரர்கள், இந்தியர்களை அளந்து செய்த ஆய்வுகள் அதற்கு முன்பே வந்திருந்தன. ஒரே பிஎம்ஐ இருக்கும் ஐரோப்பியரைவிட இந்த மூன்று இனத்தாரின் உடம்பிலும் கொழுப்பின் பங்கு அதிகம் என்று அவை காட்டின. கூட்டத்தின் முடிவு 2004-இல் வெளியானது. பழைய உலகக் கோடுகளை அழிக்கவில்லை. ஆனால் ஆசியர்களுக்கு 23-லும் 27.5-லும் கவனிக்க வேண்டிய புள்ளிகளைச் சேர்த்தார்கள். சிங்கப்பூர் அதை 2005-இல் தன் கணக்காகவே எடுத்துக்கொண்டது. 18.5 முதல் 22.9 வரை குறைந்த அபாயம், 23 முதல் 27.4 வரை மிதமான அபாயம், 27.5-இலிருந்து அதிக அபாயம்.

ஆக, மச்சானின் முடிவுத்தாளில் இருந்தது ஏதோ ஒரு மருந்தகத்தின் கண்டிப்பு இல்லை. நம்மைப் போன்ற உடம்புகளை, இதே ஊரில் அளந்து எடுத்த முடிவும் அதில் கலந்திருக்கிறது. ஊருக்கு ஒரு கணக்கு என்று அவர் கோபமாகச் சொன்னது உண்மைதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்று இனத்தாருக்கும் சிங்கப்பூர் ஒரே கோட்டைப் போட்டிருந்தாலும், இந்தியர்கள் அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் கடுமையாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தியாவில் மருத்துவர்கள் 2009-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் 23-இலிருந்து எடை அதிகம், 25-இலிருந்தே உடற்பருமன். அந்தக் கணக்கில் மச்சான் உடற்பருமனுக்கு ஒரு பருக்கை தூரத்தில் நிற்கிறார். இங்கிலாந்தில் பல லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2021-இல் வந்த ஆய்வு இன்னும் அழுத்தமானது. வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30-இல் எவ்வளவு நீரிழிவு அபாயம் இருக்கிறதோ, அதே அளவு அபாயம் தெற்காசியர்களுக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது. சீனர்களுக்கு அது 26.9. 30-க்கும் 23.9-க்கும் நடுவே இருப்பது, 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 17 கிலோவுக்கும் மேல்.

இது ஏன் என்பதற்கு நான் படித்ததிலேயே தெளிவான உதாரணம் இரண்டு மருத்துவர்களின் படம். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004-இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ சரியாக 22.3. பார்த்தால் இருவருமே ஒல்லி. உடம்பின் கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

யாஜ்னிக் அதற்கு முன்பே இதை இன்னும் பின்னால் போய்த் தேடியிருந்தார். புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் நம் பிள்ளைகள் நன்றாகவே குறைவு. ஆனால் தோலுக்கடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது மெலிந்த உடம்பு, ஆனால் அதற்குள் கொழுப்பு. தாய்க்குக் கிடைத்த உணவும் தலைமுறை தலைமுறையாக வந்த வறுமையும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த உடம்போடு வளர்ந்து, பிறகு விமானம் ஏறி வந்து, நாள் முழுவதும் சாப்பாடு கிடைக்கிற ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்தால் என்ன ஆகும்? 2010-இல் சிங்கப்பூரில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் 9.7 சதவீதம். 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. நம் வீடுகளுக்கு அந்தப் போர் புதிதில்லை. எனக்குத் தெரிந்த வீடுகளில் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் யாரோ ஒருவரின் இன்சுலின் இருக்கிறது.

சரி, அப்படியானால் பிஎம்ஐ 22-இல் இருப்பவர் நிம்மதியாக இருக்கலாமா? யாஜ்னிக்கின் படமே பதில். இங்கேதான் தையல்காரரின் நாடா வேலைக்கு வருகிறது. ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தொட்டாலே எச்சரிக்கை. மச்சானுக்கு 38 அங்குலம், அதாவது 96 சென்டிமீட்டருக்கு மேல். பிஎம்ஐ 24.9 என்பது கோட்டை ஒட்டிய எண். அதை வைத்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வாதாடலாம். 96-ஐ வைத்து வாதாட முடியாது.

அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பேண்ட் அளவைப் பார்க்கவே கூடாது. தொந்தி கூடக் கூட பெல்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும், பேண்ட் அளவு மாறாது. பதினைந்து வருடமாக 34 என்று மச்சான் சொன்னது பொய் இல்லை, பெல்ட் இறங்கியதை அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். விலா எலும்பின் கடைசி விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு, நேராக நின்று, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. நாடா தோலைத் தொட்டால் போதும், அழுத்த வேண்டாம். நாடா முதுகுப் பக்கம் கீழே சரிந்திருக்கிறதா என்று இன்னொருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. எண்களை ஞாபகம் வைக்க முடியாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும். 170 உயரத்துக்கு 85.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கிறது. உடற்பயிற்சிக்கூடத்தில் வருடக்கணக்காக எடை தூக்குகிறவர்களுக்கு பிஎம்ஐ 26, 27 என்று வரும். இடுப்பு 80-இல் இருந்தால் அந்த எண் அவர்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் “எனக்கு இது தசைதான்” என்று சொல்கிற எல்லாரையும் நம்பிவிட முடியாது, நாடாவைக் கேட்க வேண்டும். உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதிலும் சிறிய கோணல் உண்டு. நெட்டையானவர்களைக் கொஞ்சம் அதிகப் பருமனாகவும், குட்டையானவர்களைக் கொஞ்சம் மெலிந்தவர்களாகவும் அது காட்டிவிடுகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு கணித அறிஞர் நிக் ட்ரெஃபெதன் 2013-இல் எழுதினார். 160 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்கு அந்த வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை, அதனால் அதிலேயே மூழ்க வேண்டாம்.

எழுபது வயது அப்பாவுக்கு இதே கோட்டைப் போட்டுப் பட்டினி போடவும் வேண்டாம். அந்த வயதில் தானாக எடை குறைவதும் கால் தசை கரைவதும்தான் பெரிய கவலை.

நடுவயதில் நடக்கிற மாற்றம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கப்பல் பட்டறையில் வேலை செய்ய இருபத்திரண்டு வயதில் புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அப்போது 66 கிலோ. நாள் முழுவதும் ஏணியும் இரும்பும். பத்து வருடத்தில் மேற்பார்வையாளர் ஆனார். ஏணி போய் நாற்காலி வந்தது. இன்றைக்கு 69 கிலோ. “மூணு கிலோதானே அண்ணே” என்கிறார். மூன்று கிலோ இல்லை. தோளிலும் தொடையிலும் இருந்த தசை சில கிலோ போயிருக்கிறது, அந்த இடத்தில் கொழுப்பு வந்திருக்கிறது, அதற்கு மேல்தான் இந்த மூன்று. பிஎம்ஐ அந்தப் பரிமாற்றத்தைப் பார்ப்பதே இல்லை. இளம் வயது எடையிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பது, கோட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் நீரிழிவு அபாயத்தைக் கூட்டும். சிங்கப்பூரில் வளர்ந்த ஆண்களுக்கு இதைத் தெரிந்துகொள்வது சுலபம். இளம் வயதில் கட்டாய தேசிய சேவைக்குப் போனபோது என்ன எடை என்று அநேகமாக எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

2025 ஜனவரியில் உலகின் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும் இதே வழியில்தான் போகிறது. தனி மனிதனுக்கு உடற்பருமன் என்று சொல்ல பிஎம்ஐ மட்டும் போதாது, இடுப்புச் சுற்றளவையோ உடம்புக் கொழுப்பையோ அளந்து உறுதி செய்யுங்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள் என்கிறது. சிலர் இதை “பிஎம்ஐ செத்துப்போச்சு” என்று பரப்புகிறார்கள். அது தப்பு. பிஎம்ஐ வாசல் கதவைத் தட்டுகிறது. கதவைத் திறந்து உள்ளே பார்க்கிற வேலை இடுப்பளவுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும்.

அந்த இரத்தப் பரிசோதனை இங்கே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டத்தில் அதிகபட்சம் ஐந்து சிங்கப்பூர் வெள்ளிதான் கட்டணம். 2023-இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 40-க்குள் இருப்பவர்கள் நீரிழிவு அபாயத்தைக் கணிக்கும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கேள்விப் பட்டியலை நிரப்பிப் பார்க்கலாம். குடும்பத்தில் சக்கரை உள்ள 32 வயதுக்காரர் 40 வரை காத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் நம் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். 72-இலிருந்து 66-க்கு வந்தால்தான் பலன் என்று நினைத்து, இரண்டு மாதம் முயன்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு நல்ல பதில் சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடக்கவும், சீனியையும் சத்து நீக்கிய மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறைக்கவும் தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம். இதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒன்று. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை அசையாமலே அபாயம் கால் பங்குக்கு மேல் இறங்கியது.

அதனால் மச்சானிடம் நான் கிலோவைப் பற்றிப் பேசவில்லை. காலையில் கோப்பிக்கடையில் கெட்டிப் பால் போட்ட தே, பத்து மணிக்கு இன்னொன்று, சாயந்திரம் ஒன்று. அதில் இரண்டைப் பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ ஆக்கிக்கொண்டார். முதல் வாரம் முகம் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டது. மதியம் சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காய்கறி ஒன்று கூடுதலாகக் கேட்கிறார். பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கிறார். வாரம் இரண்டு நாள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் கைகளுக்கும் கால்களுக்கும் வேலை கொடுக்கிறார், போன தசையை நடை மட்டும் திருப்பித் தராது என்பதால்.

தையல் கடையிலிருந்து வரும்போது அதே தளத்தில் ஒரு மஞ்சள் நாடா வாங்கி வந்தார். குளியலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அண்ணி பின்பக்கம் நாடா சரியாமல் பார்த்துக்கொள்கிறார், இவர் எண்ணைக் காலண்டரில் எழுதுகிறார். ஏழு மாதத்தில் எடை 72-இலிருந்து 70-க்குத்தான் வந்திருக்கிறது. பிஎம்ஐ 24.2, இன்னும் ‘மிதமான அபாயம்’தான். காலண்டரில் முதல் எண் 96, கடைசியாக எழுதியது 91. கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டை இப்போது பழைய இடத்துக்கு மேலே ஏற்றிப் போடுகிறார்.